இரண்டு மதராஸ்காரர்கள், ஒரு கறுப்புப் பெட்டி

1862ஆம் ஆண்டு ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேமராவும் கண்ணாடித் தகடுகளும் ரசாயனப் புட்டிகளுமாகச் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். பிறகு பினாங்குக்குப் போய், அந்தத் தீவிலும் எதிர்க்கரையில் இருந்த வெல்லெஸ்லி மாகாணத்திலுமாகப் பத்து மாதம் தங்கிப் படமெடுத்தார். வெள்ளைக்காரர் வீடுகளில் அவருடைய படங்களுக்கு நல்ல கிராக்கி. ஆனால் உதவிக்கு ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. மனிதக் கை படாமலே ஓர் உருவம் தாளில் வந்து உட்காருவது பேய்வேலை என்று சீனர்கள் விலகிக்கொண்டார்கள். மலாய்க்காரர்களும் கிட்டே வரத் தயங்கினார்கள். கடைசியில் இரண்டு மதராஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, படங்களை அச்சிடவும் கூடமாட இருக்கவும் பழக்கியதாகத் தாம்சனே தன் பயண நூலில் சொல்கிறார்.

மதராஸ்காரர் என்றால் அன்றைய பினாங்கில் பெரும்பாலும் தமிழர்தான். சோழமண்டலக் கரையில் கப்பலேறி வந்தவர்கள். மற்றவர்கள் அஞ்சிய வேலைக்கு இந்த இருவர் வந்தது துணிச்சலாலா, கூலிக்காகவா? கூலிக்காகத்தான் இருக்கும்.

வேலை லேசானதல்ல. அந்தக் காலத்து முறைக்கு ஈரத்தகடு என்று பெயர். கண்ணாடியின் மேல் கொலோடியன் என்ற பிசினைச் சீராகப் பரப்ப வேண்டும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டில் வைத்துக் கழுவியும் ஆக வேண்டும். அதனால் படமெடுக்கப் போகும் இடத்துக்கெல்லாம் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும். அச்சிடும் தாளுக்கு முட்டை வெண்கரு பூச்சு, அச்சாவதற்கு வெயில். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப்போகும், சோப்பு போட்டாலும் போகாது. பினாங்கில் ஒரு தமிழன் ஒளிப்படத் தொழிலைத் தொட்டதற்கான மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று, அப்படிக் கறுத்த விரல்கள்தான்.

அவர்கள் கேமராவைச் சுமந்தார்கள்; அது அவர்களுடையது அல்ல. அவர்களைப் போன்றவர்களின் கழுத்தில் டிஎஸ்எல்ஆர் என்ற டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமரா சொந்தமாகத் தொங்குவதற்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கேமரா எப்படி விலை இறங்கி வந்தது என்பதை அதே தீவின் தென்கிழக்கு மூலையில் நின்று பார்த்தால் நன்றாகப் புரியும்.

பாயான் லெப்பாஸ் அங்கேதான் இருக்கிறது. மலாய் மொழியில் பாயான் என்றால் கிளி, லெப்பாஸ் என்றால் விடுபட்டது. கூண்டைவிட்டுப் பறந்த கிளியின் ஊர். 1935இல் இங்கே விமான நிலையம் வந்தது. அதைத் தவிர 1960கள் வரை நெல்வயல், தென்னந்தோப்பு, மீனவர் குடியிருப்பு என்று பழைய மாதிரியே கிடந்தது. ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு அது பாம்புக் கோயிலைப் பார்க்கப் போகும் வழி. பலிபீடத்தின் மேல் பாம்புகள் சுருண்டு கிடக்கும் அந்தச் சீனக் கோயிலில், வருகிறவர்கள் கையில் பாம்பைக் கொடுத்துப் படமெடுத்துக் காசு வாங்குவது ஒரு தனித் தொழிலாகவே நடந்துவந்தது.

1969 பினாங்குக்குக் கெட்ட காலம். 1786 முதல் வரியில்லாத் துறைமுகமாக வாழ்ந்த தீவு அந்தச் சலுகையை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த குடும்பங்களில் வேலையில்லாத பிள்ளைகள் பெருகினார்கள். அதே ஆண்டு முதலமைச்சரான லிம் சோங் யூ, பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்து வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை வலைபோட்டுப் பிடிக்க ஆரம்பித்தார். 1972இல் பாயான் லெப்பாஸ் வயல்கள் தடையற்ற வணிக வட்டாரமாகின. இன்டெல், ஹியூலெட் பேக்கர்ட், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை ‘எட்டு சாமுராய்கள்’ என்று இன்றும் பினாங்கில் சொல்கிறார்கள். எட்டில் இரண்டுதான் ஜப்பானியக் கம்பெனி. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தொழிற்சாலைகளின் உள்ளே நடந்தது கண் வேலை. நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் சில்லிலிருந்து அதைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டத்தின் கால்களுக்குத் தலைமுடியில் பாதிகூட இல்லாத தங்கக் கம்பியை இழுத்து ஒட்ட வேண்டும். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வந்த பெண்கள். கம்பத்து மலாய்ப் பெண்களும் நகரத்துச் சீனப் பெண்களும் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பெண்களும் கம்பெனிப் பேருந்தில் வந்து இறங்கி, ஷிப்ட் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாயான் லெப்பாஸில் ஒரு தலைமுறைக்கு லென்ஸ் என்ற பொருள் இப்படித்தான் அறிமுகமானது. படமெடுக்கும் லென்ஸ் அல்ல. தலைவலி தரும் லென்ஸ்.

பெயர் வாங்கியது சில்லுக்காக என்றாலும், கேமராவின் கதை இங்கேதான் பின்னிக்கொள்கிறது. அதுவரை எஸ்எல்ஆர் கேமரா என்பது கைக்கடிகாரத்தின் உறவுக்காரன்: பல்சக்கரம், சுருள்வில், நெம்புகோல். லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிவிடும். பட்டகம் அதை நேராக்கிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்பி வழிவிட, திரை திறந்து ஒளி ஃபிலிமில் விழும். எடுப்பவர் பார்ப்பதும் படத்தில் விழுவதும் ஒன்றே என்பதுதான் இதன் பெருமை. ஆனால் அத்தனை சக்கரங்களையும் பொருத்த நுட்பமான கைகள் வேண்டும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

1976இல் கேனன் ஏஇ-1 வந்தது. நுண்செயலி பொருத்திய முதல் எஸ்எல்ஆர் அதுதான். சக்கரங்கள் செய்த வேலையைச் சில்லிடம் ஒப்படைத்ததில் ஏறக்குறைய முந்நூறு உதிரிப் பாகங்கள் குறைந்தன. பாகம் குறைந்ததும் பொருத்தும் வேலையை இயந்திரத்திடம் விட முடிந்தது. விலை இறங்கியது, ஐம்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆருக்கு முப்பாட்டன் யார் என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். பாயான் லெப்பாஸும் ஏஇ-1உம் ஒரே காலம் பெற்ற பிள்ளைகள். சில்லை மலிவாக ஒட்டித்தரும் ஊர்கள் ஆசியாவில் முளைக்காமல், சில்லை நம்பிய மலிவுக் கேமரா இவ்வளவு எளிதாகப் பிறந்திருக்காது.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது விலை மறுபடியும் மலையேறியது. 1991இல் கோடாக் விற்ற முதல் டிஎஸ்எல்ஆரின் உடம்பு நிக்கான் எஃப்3. உள்ளே 13 லட்சம் புள்ளிகள் கொண்ட உணரி. விலை இருபதாயிரம் டாலர் அளவில். படத்தைச் சேமிக்கும் 200 மெகாபைட் வட்டு தனிப் பெட்டியாகத் தோளில் தொங்கியது. தாம்சனின் உதவியாளர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்; நூற்று முப்பது ஆண்டு கழித்தும் சுமை தோளைவிட்டு இறங்கவில்லை. 1999இல் நிக்கான் டி1 வந்து விலையை ஐயாயிரம் டாலர் சொச்சத்துக்கு இறக்கியது. அதுவும் பத்திரிகை அலுவலகம் வாங்கும் விலைதான், வீடு வாங்கும் விலை அல்ல.

அந்தச் சுவர் 2003 ஆகஸ்டில் இடிந்தது. கேனன் அறிவித்த 300டி, லென்ஸ் இல்லாமல் 899 டாலர், 18–55 மி.மீ. லென்ஸோடு 999. ஆயிரம் டாலருக்குள் கிடைத்த முதல் டிஎஸ்எல்ஆர். அப்போது மலேசியாவில் டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிவைத்திருந்தார்கள். வரி, லாபம் எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் உடம்பு மட்டும் 3,400 ரிங்கிட்டைத் தாண்டும். மலிவு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போனஸ் வந்த மாதத்தில் ஒரு டெக்னீஷியன் யோசித்துப் பார்க்கக்கூடிய தொகை. ஜப்பானில் இதே கேமராவுக்குக் ‘கிஸ்’ என்று பெயர். பிள்ளைகளைப் படமெடுக்கும் தாய்மாரை மனத்தில் வைத்து 1993இல் ஃபிலிம் கேமராவுக்குச் சூட்டிய பெயர் அது. அமெரிக்காவிலோ அதுவே ‘ரெபெல்’, அதாவது கலகக்காரன். ஒரே பெட்டி, ஓர் ஊரில் முத்தம், இன்னோர் ஊரில் கலகம்.

300டியின் உள்ளே இருந்த உணரி, அதைவிட அறுநூறு டாலர் கூடுதலான 10டியில் இருந்த அதே 63 லட்சம் புள்ளி உணரி. பிறகு எப்படி விலை குறைந்தது? உலோக உடம்புக்குப் பதில் வெள்ளிநிறப் பிளாஸ்டிக்; திடக் கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதில், ஆடிகளை ஒட்டிச் செய்த உள்கூடு. அதோடு ஒரு தந்திரமும் உண்டு. சில வசதிகளை மென்பொருளில் வேண்டுமென்றே பூட்டிவைத்திருந்தார்கள். ரஷ்யாவிலிருந்து ஒருவர் வேசியா என்ற பெயரில் திருத்திய மென்பொருளை வெளியிட்டார். அதைப் போட்டால் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200 வரை போகும், ஃப்ளாஷ் ஒளியைக் கூட்டிக் குறைக்கலாம். இருட்டில் படமெடுக்கும் திறமை பெட்டிக்குள் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அறைக்குப் பூட்டுப் போட்டு வாடகையை மட்டும் குறைத்திருக்கிறார்கள்.

தொடக்கநிலை என்ற சொல்லின் உண்மையான பொருள் இங்கே தெளிகிறது. எதைச் சேர்க்கலாம் என்பதைவிட எதை விட்டுவிட்டால் வாங்குபவன் கவனிக்கமாட்டான் என்ற கணக்கு அது. 2006 நவம்பரில் வந்த நிக்கான் டி40 அந்தக் கணக்கை அழகாகப் போட்டது. லென்ஸைக் குவிக்கும் மோட்டாரை உடம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். குவியப் புள்ளி மூன்றே மூன்று. லென்ஸோடு 599 டாலர். பழைய நிக்கான் லென்ஸ் வைத்திருந்தவர்கள் கையால் திருகிக் கொள்ள வேண்டியதாயிற்று. புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒரு குறை இருப்பதே தெரியாது. பையில் அடங்கியது, கைக்கு இதமாக இருந்தது. 2009இல் வந்த டி3000 ஒருபடி மேலே போய், என்ன எடுக்கப்போகிறாய் என்று கேட்டு வழிசொல்லும் முறையையே உள்ளே வைத்துவிட்டது.

2018இல் கேனன் வெளியிட்ட 3000டியில் கணக்கு கஞ்சத்தனமாக மாறியது. லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண்ணாடி போடுபவர்கள் வியூஃபைண்டரைத் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் சிறு சக்கரம் இல்லை. கேமராவை இயக்கி நிறுத்தும் பொத்தானைக்கூடத் தனியாக வைக்காமல், முறைகளைத் தேர்ந்தெடுக்கும் திருகுக்குள்ளேயே செருகிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த 250டியில் ஃப்ளாஷ் செருகும் இடத்தின் நடுமுனையே காணாமல் போனது. ஒரு காசு பெறாத அந்த முனை இல்லாததால், கல்யாண வீட்டில் வேறு கம்பெனிச் சாதாரண ஃப்ளாஷைச் செருகினால் எரியாது. இதையெல்லாம் சிக்கனம் என்று சொல்ல மனம் வரவில்லை.

சரி, இந்தக் கேமரா பினாங்கில் உண்மையாகச் சோதிக்கப்படும் இடம் எது? தைப்பூசம்தான். வெள்ளி ரதம் வரும் சாலையெங்கும் தேங்காய்களைக் குவியல் குவியலாகக் கொட்டிவைத்து உடைப்பார்கள். விடியலின் மங்கல் வெளிச்சத்தில் பச்சைக் கட்டத்தில், அதாவது முழுத் தானியங்கியில், வைத்து அழுத்தினால் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று திரையை மெல்லத் திறந்து மூடும். தேங்காய் வெள்ளைக் கோடாகத் தேயும். சிலசமயம் சிறு ஃப்ளாஷ் தானாகவே எழும்பி முன்னால் நிற்பவரின் முதுகை மட்டும் பளிச்சிட வைக்கும். ஓடும் மனிதன் படம்போட்ட குறிக்குத் திருப்பினால் கொஞ்சம் தேறும். கேனனில் டிவி என்று எழுதிய இடத்துக்குத் திருப்பி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், உடைந்த சில்லும் தெறித்த நீரும் அந்தரத்தில் நிற்கும். தொலைக்காட்சிக்கும் இந்த டிவிக்கும் சம்பந்தமில்லை. அது நேரத்தைக் குறிக்கும் குறி. ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்துக்கு வெளிச்சம் வேண்டும். கூடவே வந்த 18–55 லென்ஸோ, 55க்கு இழுத்தால் எஃப் 5.6க்கு மேல் வாய் திறக்காது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் மணல் கொட்டியதுபோல் புள்ளி விழும். நேரம், வாய், உணர்திறன் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் இந்தக் கயிறு பிடிபட்ட அன்றுதான், தைப்பூசக் கூட்டம் ஏறும் தண்ணீர்மலைப் படிகளில் ஒரு புதிய படக்காரர் பிறக்கிறார்.

அடுத்த மாதம் அவர் கடைக்குப் போய்க் கேட்பது பெரும்பாலும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்தான். இருட்டுக்கு ஏற்ற, கைக்கு எட்டும் விலைப் பொருள். 2015 முதல் கேனன் விற்ற அதன் புதிய பதிப்பின் உடம்பில் ‘மேட் இன் மலேசியா’ என்று அச்சிட்டிருக்கும். கேனனின் லென்ஸ் தொழிற்சாலை பினாங்கில் இல்லை, சிலாங்கூரின் ஷா ஆலமில் இருக்கிறது. உலகமெங்கும் புதுக் கேமராக்காரர்கள் தங்கள் இரண்டாவது லென்ஸாக வாங்கும் பொருள் மலேசிய உழைப்பு என்பதை இங்கே வாங்குகிறவர்களே பலர் கவனிப்பதில்லை. நிக்கானின் தொடக்கநிலை உடம்புகள் தாய்லாந்தின் அயுத்தயாவில் தயாராயின. 2011 அக்டோபர் வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலை மூழ்கியபோதுதான், ஜப்பான் கேமரா என்று எல்லாரும் நினைத்திருந்தது எங்கே பிறக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

நடுவில் இன்னொரு திருப்பம். 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90, டிஎஸ்எல்ஆரில் முதன்முறையாக வீடியோவைச் சேர்த்தது. சில வாரத்தில், வீடியோ எடுக்கும் கேனன் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. 2010இல் வந்த 550டியில் முழு உயர்தெளிவு வீடியோ தொடக்கநிலை விலைக்கே கிடைத்தது. தமிழ்நாட்டில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி சூடுபிடித்ததும், கார்த்திக் சுப்புராஜும் நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும் வெளிச்சத்துக்கு வந்ததும் ஏறக்குறைய இதே வேளையில்தான். 2012இல் பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ கேனன் 7டியில் படமாகித் திரையரங்குக்கு வந்தது. அந்த 7டியைப் போலவே 550டியிலும் இருந்தது 1 கோடியே 80 லட்சம் புள்ளிகள் கொண்ட உணரி. கல்லூரி மாணவனின் கழுத்தில் தொங்கியதற்கும் திரையரங்குப் படத்துக்கும் இடையில் அவ்வளவுதான் தூரம். கல்யாண வீடுகளில் தோளில் வைத்துச் சுற்றிய பெரிய வீடியோ கேமராக்கள் சத்தமில்லாமல் மறைந்தன.

2012இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஎஸ்எல்ஆர்கள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். அதுவே உச்சம். கைப்பேசி கீழிருந்து அரித்தது, மிரர்லெஸ் என்ற கண்ணாடியில்லாக் கேமரா மேலிருந்து அழுத்தியது. 2020இல் கண்ணாடியில்லாக் கேமராக்களின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரை முந்தியது. 2018இல் வந்த டி3500தான் நிக்கானின் தொடக்கநிலை வரிசையின் கடைசிப் பிள்ளை. உடம்பு மட்டும் 365 கிராம் எடை, ஒரு மின்கலத்தில் 1,550 படம். கச்சிதமான கேமரா. வந்த நான்கே ஆண்டில் கடையை மூடிவிட்டார்கள்.

பாயான் லெப்பாஸில் இப்போது நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டி உட்காருவது குறைந்துவிட்டது. சில்லின் கால் வளைந்திருக்கிறதா, எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது கேமரா பொருத்திய இயந்திரங்கள். அந்த இயந்திரங்களைச் செய்து உலகெங்கும் விற்கும் நிறுவனங்களில் ஒன்றான விட்ராக்ஸ், 2000இல் பினாங்கிலேயே தொடங்கியது. முன்பு பெண்கள் லென்ஸ் வழியாகச் சில்லைப் பார்த்தார்கள். இன்று சில்லை வைத்துச் செய்த கேமரா சில்லைப் பார்க்கிறது.

பழைய கேனன் 1100டிகளும் நிக்கான் டி3100களும் கைமாறி, இரண்டாம் கை விலையில் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் போய்க்கொண்டிருக்கின்றன. கண்ணாடி எழும்பும் அந்த ‘டக்’ சத்தத்துக்காகவே வாங்குகிறவர்களும் உண்டு.

தாம்சனின் பெயர் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அவருக்காக முட்டை வெண்கருத் தாளை வெயிலில் வைத்து எடுத்த இருவரும் ‘இரண்டு மதராஸ்காரர்கள்’ என்ற அளவில்தான் கதையில் நிற்கிறார்கள். கேனன் 1500டி போன்ற எளிய கேமராவிலும்கூட அமைப்புப் பட்டியலில் பதிப்புரிமைத் தகவல் என்று ஒரு வரி உண்டு. அதில் படமெடுப்பவரின் பெயரை ஒருமுறை தட்டச்சு செய்தால் போதும், பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அந்தப் பெயர் தானாகவே பதிந்துவிடும். பலர் அந்த வரியைத் திறப்பதே இல்லை. அலமாரியில் அப்படி ஒரு கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கு எடுத்து, மின்கலத்தை ஏற்றி, அந்த வரியில் உங்கள் பெயரை எழுதிவையுங்கள்.